இங்கிலாந்து மாளிகைகளின் குதிரை லாயங்கள்: எது குதிரைக்கு, எது காட்சிக்கு?

டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் போனபோது எடுத்த லாயத்தின் படத்தைப் போட்டு, "குதிரை கட்டவா இவ்வளவு பெரிய அரண்மனை? இதில் குதிரைக்கு உண்மையில் பயன்பட்டது எவ்வளவு, பந்தாவுக்குக் கட்டியது எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: இப்போது கடையும் உணவகமுமாகிவிட்ட கட்டடத்தில் பழைய லாயத்தை எங்கே தேடுவது? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கட்டடத்தின் முகப்பை வீட்டுக்காரரின் அந்தஸ்து தீர்மானித்தது. உள் அளவுகளைக் குதிரையின் உடம்பும் மூச்சும் மூத்திரமும் தீர்மானித்தன. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. இந்த லாயங்களில் விசித்திரமாகத் தெரிகிற பலவும் அந்த இழுபறியில் வந்தவை.

முதலில் உங்கள் படத்தில் இருப்பது. நான்காவது டெவன்ஷயர் டியூக்குக்காக ஜேம்ஸ் பெயின் வடிவமைத்து 1760-ஐ ஒட்டிக் கட்டியது. நடுவே முற்றம் விட்ட சதுரம், ஒரு பக்கம் ஏறத்தாழ 190 அடி, இரண்டு தளம். வாசலில் பட்டை பட்டையாகச் செதுக்கிய டோரிக் என்ற கிரேக்கப் பாணியில் நான்கு தூண்கள், அவற்றுக்கு மேல் முக்கோண முகப்பில் குடும்பச் சின்னம், நிஜ அளவில் இரண்டு கலைமான்கள். மான்கள் சிற்பம்தான், ஆனால் தலையில் இருக்கும் கொம்புகள் நிஜக் கொம்புகள். இவ்வளவும் காட்சிக்கு. உள்ளே 80 குதிரைகளுக்கு இடம், கொல்லன் பட்டறை, மாடியில் தானியக் கிடங்கும் வேலையாட்களின் அறைகளும். அந்த அறைக் கதவு ஒன்றில் 'மூன்றாம் போஸ்டிலியன்' என்று எழுதியிருக்கும். வண்டியில் உட்காராமல் இழுக்கிற குதிரைமேலேயே ஏறி ஓட்டுபவருக்குத்தான் போஸ்டிலியன் என்று பெயர். அந்த வேலைக்கே மூன்றாமவர் ஒருவர் இருந்தார் என்றால் மொத்த ஆட்கணக்கை ஊகித்துக்கொள்ளலாம். யார்க்ஷயரின் வென்ட்வொர்த் வுட்ஹவுஸில் ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக ஜான் கார் கட்டிய லாயம் 84 குதிரைகளுக்கானது. காசில் ஹோவர்டு லாயமும் (1781-84) அவர் கைவேலைதான். ஆகவே சாட்ஸ்வொர்த் விதிவிலக்கு இல்லை, அந்தத் தரத்துக் குடும்பங்களின் வழக்கமான அளவு.

பணம் ஏன் இங்கே கொட்டப்பட்டது என்பதற்குப் போக்குவரத்து ஒரு பாதிக் காரணம்தான். 1630-களில் வில்லியம் கேவண்டிஷ் என்ற பிரபு போல்சோவர் கோட்டையில் சவாரிப் பயிற்சிக்கென்றே ஒரு பெரிய கூடம் கட்டினார். குதிரையை நடக்கவும் துள்ளவும் பழக்குவது பிரபுக்களுக்கான கலையாக எண்ணப்பட்ட காலம் அது. அடுத்த நூற்றாண்டில் வேட்டையும் பந்தயக் குதிரை வளர்ப்பும் சேர்ந்துகொண்டன. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வாண்டல்பரி லாயத்தின் வாசல் வளைவுக்கு அடியில் கொடால்பின் அரேபியன் என்ற பொலிகுதிரையை 1753-ல் புதைத்தார்கள். குதிரைக்கு அங்கே எந்த இடம் கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உழவுக் குதிரைகளுக்கு இந்த மரியாதை கிடையாது. அவை பண்ணை வீட்டுக் கொட்டகையில் தனியாக இருந்தன.

எங்கே கட்டுவது என்பதும் மாறிக்கொண்டே வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் லாயம் பெரும்பாலும் வீட்டு முன்முற்றத்தை ஒட்டியே நிற்கும். வான்பிரா என்ற கட்டடக்கலைஞர் அதைப் பெரிய சமச்சீர் அமைப்பாக்கினார்: பிளென்ஹைம் மாளிகையில் ஒரு பக்கம் சமையல் முற்றம், எதிர்ப்பக்கம் லாய முற்றம். சீட்டன் டெலவால் மாளிகையிலும் மேற்குச் சிறகில் சமையலறை, கிழக்குச் சிறகில் லாயம். பிறகு பூங்காவை இயற்கைக் காட்சி போல அமைக்கும் ரசனை வந்தது, லாயம் வீட்டைவிட்டு நகர்ந்தது. சாட்ஸ்வொர்த்தில் நான்காவது டியூக் மாளிகைக்கு மேற்கிலிருந்து வரும்படி வழியை மாற்றி, கண்ணில் பட்ட பழைய லாயத்தையும் பணிக்கட்டடங்களையும் இடித்துவிட்டு, வடகிழக்கு மேட்டில் புதிதாகக் கட்டினார். இங்கிலாந்தில் தென்மேற்குக் காற்றே அதிகம், அதனால் வடகிழக்கில் லாயம் இருந்தால் நாற்றம் வீட்டுப் பக்கம் வராது. அதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று சொல்வது நியாயமான ஊகம், அதற்கு மேல் இல்லை. மேட்டில் நின்றால் வருகிறவர் கண்ணில் படும் என்பதும் அதே அளவு நல்ல காரணம்.

இனி உள்ளே. 80 குதிரை என்றால் என்ன கணக்கு என்று பார்த்தால் கட்டடம் தானாகப் புரியும். இன்றைய அளவுகளின்படி ஒரு குதிரை நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ லத்தி போடும், எட்டு பத்து லிட்டர் மூத்திரம் பெய்யும், 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் குடிக்கும், தானியத்தோடு ஆறேழு கிலோ உலர்புல்லாவது தின்னும். எண்பதால் பெருக்குங்கள்: தினமும் ஒரு டன்னுக்கு மேல் லத்தி, 700 லிட்டர் அளவில் மூத்திரம், அரை டன் புல். இது அந்தக் காலப் பதிவேட்டுக் கணக்கு இல்லை, என் பெருக்கல். குதிரையின் உடல் அளவைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆனாலும் லாயக் கட்டடக்கலையின் முக்கால்வாசி இந்தப் பெருக்கலுக்கான விடைதான்.

அடிப்படை அலகு தடுப்பறை. தலைமாட்டில் சுவர், இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு, பின்பக்கம் திறப்பு. அகலம் சுமார் ஆறு அடி, நீளம் ஒன்பது பத்து அடி. அகலத்தில் விளையாட முடியாது. ஆறடிக்குக் கீழே போனால் குதிரை கால் நீட்டிப் படுக்க முடியாது. ஏழடிக்கு மேலே போனால் குறுக்கே நிற்கும், திரும்ப முயலும், பாதியில் சிக்கிக்கொள்ளும். தடுப்பு தலைப்பக்கம் ஏழடி உயரம் வரை இருக்கும், வால்பக்கம் நாலரை அடிக்கு வளைந்து இறங்கும். தலைப்பக்கம் உயர்த்துவது பக்கத்துக் குதிரையோடு கடித்துக்கொள்ளாமல் இருக்க. பின்பக்கம் தாழ்த்துவது குதிரைக்காரர் நடைபாதையிலிருந்தே வரிசை முழுவதையும் பார்க்க. வால்பக்கம் ஒரு தடித்த கம்பம், அதன் தலையில் பெரும்பாலும் ஒரு உருண்டை. தீவனத் தொட்டி தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடியில். தலைக்கயிற்றை நேராகக் கட்டமாட்டார்கள். தொட்டியில் உள்ள வளையம் வழியாக விட்டு, கீழ்முனையில் ஒரு மர உருண்டையைத் தொங்கவிடுவார்கள். குதிரை முன்னே வந்தால் உருண்டை கீழே இறங்கிக் கயிற்றை இழுத்துக்கொள்ளும், தொய்வு விழாது. உருண்டை இல்லாவிட்டால் தொய்ந்த கயிற்றில் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு குதிரை இரவெல்லாம் மல்லாடும். இவ்வளவு மலிவான சாமான் இவ்வளவு ஆபத்தைத் தடுத்ததற்கு லாயத்தில் வேறு உதாரணம் இல்லை என்பது என் கருத்து.

நோயுற்றது, குட்டி போடப்போவது, களைத்து வந்த வேட்டைக் குதிரை ஆகியவற்றுக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அளவில், கட்டாமல் அவிழ்த்துவிடும் தனியறைகள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு லாயத்தில் இவை சொற்பம், 19-ஆம் நூற்றாண்டில் கூடிக்கொண்டே போயின. பழைய லாயத்தில் இரண்டு தடுப்பறைகளை உடைத்து ஒரு தனியறையாக்கியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். தரையில் நடுவே கம்பம் நின்ற குழி அடைக்கப்பட்டிருந்தால் அதுதான் அடையாளம்.

தரைதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. கூழாங்கல் பதித்தால் வழுக்காது, ஆனால் இடுக்கில் மூத்திரம் தேங்கி அம்மோனியா கிளம்பும், குளம்பின் அடி மெத்தை அழுகும். பெரிய தட்டைக் கல் போட்டால் கழுவ எளிது, ஆனால் நனைந்தால் லாடம் வழுக்கும். இதற்குத் தீர்வாக வந்தவை குறுகலான, கெட்டியாகச் சுட்ட டச்சுச் செங்கற்கள். அவற்றைக் குத்துவாட்டில் மீன்முள் வரிசையாகப் பதித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்டாஃபோர்ட்ஷயரின் நீலச் செங்கல் பரவியது. நீர் உறிஞ்சாது, மேலே கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டியிருக்கும், பார்த்தால் சாக்லேட் பாளம்தான். பள்ளம் லாடத்துக்குப் பிடி தரும், மூத்திரமும் அதன் வழியே ஓடும்.

ஓட வேண்டுமென்றால் சாய்வு வேண்டும், சிக்கல் அங்கேதான். சாய்வு அதிகமானால் குதிரை எப்போதும் ஏற்றத்தில் நிற்பதுபோல முன்குளம்பு உயர்ந்து நிற்கும், காலின் பின் தசைநார்கள் ஓயாமல் இழுபடும். அது தாங்காமல் குதிரை பின்னே நகர்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டு சாக்கடைப் பள்ளத்தில் பின்னங்காலை வைத்து நிற்கும். பழைய லாயங்களில் நடைபாதையை ஒட்டிய பள்ளத்தின் விளிம்பு தேய்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்தடிக்கு இரண்டு அங்குலம் அளவில் சாய்வு விட்டு, மீதி வேலையைச் செங்கல் பள்ளங்களிடம் விடுவதுதான் பின்னால் தேறிய முறை. தரைக்கு அடியில் மூடிய குழாயும் இரும்பு ஜல்லடையும் போட்டவர்கள் வருந்தினார்கள். வைக்கோல் அடைத்துக்கொள்ளும், அடைத்த குழாயிலிருந்து வாயு திரும்பி உள்ளேயே வரும். திறந்த ஆழமில்லாத கால்வாய் சுவர் வழியே வெளியேறி, வெளியே இருக்கும் தண்ணீர்ப்பூட்டுத் தொட்டியில் (தேங்கிய நீரே வாயு திரும்பாமல் தடுக்கும் தொட்டி) விழுவதே சரி. அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், விளக்குமாறே போதும்.

அடுத்து தலைக்கு மேல். பழைய முறையில் உலர்புல் பரணில் இருக்கும், ஒவ்வொரு தடுப்பறைக்கும் நேர்மேலே தளத்தில் ஒரு துளை, அதன் வழியே தள்ளினால் ஏணி மாதிரியான மரத்தட்டியில் விழும். ஆள்கூலி மிச்சம். ஆனால் அதே துளை வழியே கீழிருந்து ஈரக்காற்றும் அம்மோனியாவும் மேலே ஏறிப் புல்லைக் கெடுக்கும். கெட்ட புல்லின் தூசியும் பூஞ்சையும் மறுபடி குதிரையின் மூக்கில் விழும், மூச்சிரைப்பு நோய் வரும். புல்விதை கண்ணில் விழுவது தனிக்கதை. அதனால் 19-ஆம் நூற்றாண்டில் தட்டியைத் தொட்டி மட்டத்துக்கு இறக்கினார்கள். பிறகு ஒரே இரும்புச் சட்டத்தில் புல், தானியம், தண்ணீர் மூன்றுக்கும் இடம் வந்தது. தீ அபாயமும் உண்டு: மேலே புல், கீழே வைக்கோல் படுக்கை, நடுவே விளக்கோடு உறங்கும் ஆட்கள். கல் வளைவுக் கூரையும் கனமான சுண்ணாம்புக் கூரைப்பூச்சும் சில லாயங்களில் இருப்பது அழகுக்கு மட்டுமல்ல.

காற்று விஷயத்தில் அந்தக் காலம் பிடிவாதமாகத் தவறு செய்தது. லாயம் வெதுவெதுப்பாக இருந்தால் குதிரையின் மயிர் குட்டையாக, பளபளவென்று இருக்கும். அது உண்மைதான். அதற்காக ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் வைக்கோல் திணித்தார்கள். விலையாகக் கிடைத்தது நுரையீரல் நோயும் கண்நோயும். லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791-ல் தொடங்கியது. அதன் தலைவர் எட்வர்டு கோல்மன் 1796-ல் ராணுவத்தின் தலைமைக் கால்நடை மருத்துவரானதும் குதிரைப்படை லாயங்களில் காற்றுவழி திறக்கச் சொல்லி வற்புறுத்தினார். பிரபுக்களின் குதிரைக்காரர்கள் மனம் மாற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. கூரை உச்சியில் காற்று வெளியேற வரிசையாகச் சாய்பலகைக் கூண்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுத் திருத்தம். நடுக்கோபுரத்தில் சாய்பலகை இருந்தால் மட்டும் உடனே நம்பாதீர்கள். சிலவற்றில் கீழிருந்து காற்றுக் குழாய் வரும், சில மணிக்கூண்டு மட்டுமே. பரணுக்குள் ஏறிப் பார்க்காமல் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஜன்னலில்தான் முகப்புக்கும் குதிரைக்கும் நேரடிச் சண்டை. வெளிச்சம் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது, காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. எனவே குதிரை தலை வைக்கும் சுவரில் ஜன்னல் தாழ்வாக இருக்கக் கூடாது. ஆனால் அதே சுவர்தான் பல கட்டடங்களில் வெளிமுகப்பு, அங்கே ஜன்னல் வரிசை இல்லாவிட்டால் சிறைச்சாலை போலிருக்கும். கட்டடக்கலைஞர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, உயரத்தில் வைத்த அரைவட்ட ஜன்னல். ரோமானியக் குளியல் மண்டபங்களிலிருந்து வந்த வடிவம், தட்டிக்கு மேலே கச்சிதமாக உட்காரும், பார்வைக்கும் கம்பீரம். இன்னொன்று, ஜன்னல் போலச் சட்டம் செதுக்கி உள்ளே சுவரையே வைப்பது. இந்தக் குருட்டு ஜன்னல்களைப் பார்த்ததும் வழிகாட்டிகள் ஜன்னல் வரியை இழுப்பார்கள். 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது நிஜம், ஆனால் லாயத்தில் பல குருட்டு ஜன்னல்கள் கட்டும்போதே குருடாகக் கட்டப்பட்டவை. சோதிப்பது எளிது: உள்சுவரின் கற்கள் ஓரச்சட்டத்தோடு மாறிமாறிக் கோத்திருந்தால் முதலிலிருந்தே மூடியது. நேர்கோடாக மூட்டு தெரிந்தால், அல்லது உள்ளே ஜன்னல் நிலையின் மிச்சம் இருந்தால், பின்னால் அடைத்தது.

வாசல்கள் நாலடிக்குக் குறையாத அகலம், ஏழெட்டு அடி உயரம். நிலையின் ஓரக்கற்கள் கூர்மையில்லாமல் உருட்டியிருக்கும், அவசரமாக வெளியே வரும் குதிரையின் இடுப்பெலும்பு மோதினால் உடையாமலிருக்க. சில இடங்களில் நிலையிலேயே செங்குத்தாக உருளை பதித்திருப்பார்கள். வண்டிக் கொட்டகை வேறு கதை. எட்டு ஒன்பது அடி அகல வளைவுகள், இரட்டைக் கதவு, உள்ளே அடுப்பு. அம்மோனியா வண்டியின் வார்னிஷைக் கெடுக்கும், ஈரம் தோலைப் பூசணம் பிடிக்க வைக்கும். ஆகவே லாயத்திலிருந்து சுவர் வைத்துப் பிரித்தார்கள். சேண அறைக்கும் அதே காரணத்தால் அடுப்பு. சாட்ஸ்வொர்த்தில் 1830-களில் ஆறாவது டியூக் பின்னால் தனி வண்டிக் கட்டடமே சேர்த்தார். கடிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வேலையாட்களுக்கு நேரம் காட்டும், கோபுரத்துக்கு ஒரு சாக்கும் ஆகும்.

காலம் கணிப்பதில் கவனம் தேவை. சுவரின் வயது உள்சாமானின் வயது ஆகாது. மரத் தூண்களோடு செதுக்கிய தடுப்பறைகள் அதே இடத்தில் தப்பியிருப்பது அரிது. செஷயரின் பீவர் ஹாலில் 1654 என்று ஆண்டு பொறித்த லாயம் இருக்கிறது, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த பரிசு. டஸ்கன் தூண்கள், செதுக்கிய பலகைகள், அலங்காரச் சுண்ணாம்புக் கூரை எல்லாம் அங்கே உண்டு. மற்றபடி நீங்கள் பார்க்கும் வார்ப்பிரும்புக் கம்பமும் கம்பிவலையும் பெரும்பாலும் விக்டோரியா காலத்தவை, கட்டடம் நூறாண்டு மூத்ததாக இருந்தாலும். பெல்ஃபாஸ்டின் மஸ்கிரேவ், லண்டனின் காட்டம், செயின்ட் பேங்க்ரஸ் இரும்பாலை ஆகிய நிறுவனங்கள் இவற்றை விலைப்பட்டியல் போட்டு விற்றன. கம்பத்தின் அடியிலோ சாக்கடை மூடியிலோ பெயர் வார்த்திருக்கும், குனிந்து பாருங்கள்.

மோட்டார் வண்டி வந்ததும் வண்டிக் கொட்டகைகள்தான் முதலில் மாறின, வளைவின் அகலம் காருக்கும் பொருந்தியது. சாட்ஸ்வொர்த்தில் கடைசிக் குதிரைகள் போனது 1939-ல். பிறகு கிடங்கு, கார் நிறுத்துமிடம், அதன்பின் இன்று நீங்கள் பார்த்தது. உணவகமாக்கும்போது முதலில் போவது தடுப்புகள், அடுத்தது தரை, ஏனென்றால் சக்கர நாற்காலிக்கும் மேசைக்கும் சமதளம் வேண்டும். நல்ல வேலையாக இருந்தால் பழைய செங்கல்லைப் பெயர்க்காமல் அதன்மேல் பலகைத்தளம் போட்டிருப்பார்கள். அடுத்த முறை உள்ளே உட்காரும்போது மூன்று இடம் பாருங்கள். சுவரில் மூன்றடி உயரத்தில் ஆறடிக்கு ஒன்றாக அடைத்த துளைகள் தொட்டி இருந்த இடம். மேல்தளத்தில் சுவரோரமாக அதே இடைவெளியில் ஒட்டுப்போட்ட சதுரங்கள் புல் தள்ளிய துளைகள். வாசலோரத்தில் தரைமட்டத்தில் சுவரைத் துளைத்து வெளியேறும் கல் வடிகால் மூத்திரக் கால்வாயின் முடிவு. மூன்றும் ஒரே வரிசையில் ஒத்துவந்தால் உங்கள் மேசை எந்தக் குதிரையின் தலைமாட்டில் போட்டிருக்கிறது என்பதுவரை கணக்கிட்டுவிடலாம்.